பிரேக் பிடிக்கலை

“கொலை முயற்சின்னா எத்தனை வருஷம் உள்ள போடுவாங்க?”

உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் கேட்டாள். கைப்பையை அக்குளில் இடுக்கியபடியே நின்றாள்.

“நீங்க செஞ்சதா, உங்களைச் செஞ்சதா? அதைப் பொறுத்து” என்றான் கண்டக்டர்.

சர்வேயர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன், மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து வேலையைத் தொலைத்தான். வேலை போனது, வாய் போகவில்லை. அவளோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, வண்டி ஒன்று சொல்லும், வண்டிக்காரன் இன்னொன்று சொல்வான் என்று தெரிந்துகொண்டு தனியாகத் துப்பறிய வந்தவள். பேட்டரிக் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் ஆசிட் நாற்றம், மூடினால் கண்டக்டரின் பேச்சு. அவள் பெரும்பாலும் திறந்தே வைப்பாள்.

“உட்காருங்க. யார், யாரை?”

“என் தங்கச்சி புருஷன். என் புருஷனை.”

விஷயம் இதுதான். அவள் புருஷனுக்கு டைல்ஸ் கடை. தங்கை புருஷன் பல் லேப் வைத்திருக்கிறான். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, பல்லும் பல் செட்டும் செய்து கொடுக்கும் வேலை. சகலைகள் இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வீடு, பக்கத்துப் பக்கத்தில் பார்க்கிங், ஒரே மாடல் கார்.

“பார்த்தா ஆபீஸ் போற வண்டி. மிதிச்சா பந்தய வண்டி” என்றாள் அக்காக்காரி. “ஆறு நாள் கடைக்குப் போவாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில மலைக்குப் போவாங்க. யார் முதல்ல வாங்கினது? என் வீட்டுக்காரர். அடுத்த வருஷமே அவன் வாங்கினான். அப்புறம் அவன் பெரிய பிரேக் போட்டான், சக்கரத்துக்குள்ள செவப்பா தெரியும். உடனே இவரும் போட்டாரு. அதைவிடப் பெருசா.”

“அப்புறம்?”

“போன ஞாயிறு மலையிறக்கத்துல இவருக்கு பிரேக் இல்லாம போச்சு. ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த மணல்ல ஏத்தி நிறுத்தியிருக்காரு. கால் முறிஞ்சு படுத்துக் கிடக்காரு. மணல் இல்லேன்னா பள்ளம்.”

“தூக்கிட்டு வந்தது?”

“பின்னாடி வந்த சகலைதான். தூக்கினவனே தள்ளினவனா இருக்கக் கூடாதா?” பை இன்னும் இறுகியது. “அன்னிக்குக் காலையில, கிளம்பறதுக்கு முன்னாடி, பார்க்கிங்ல நின்னு ‘பிரேக் பிடிக்கலை’ன்னு சொல்லியிருக்கான். வாட்ச்மேன் காதால கேட்டிருக்கார். பிடிக்காம போகப்போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்? நேரா கேட்டேன். வாயைத் திறக்கலை. தலையைக் குனிஞ்சுட்டான்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லலை. ‘நீ பார்த்து செய்’ங்கறாரு. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்.”

“உங்க தங்கச்சி?”

“மாசமா இருக்கா.” கைப்பையை மறு அக்குளுக்கு மாற்றினாள். “சின்ன வயசுல என் பழைய சட்டையை அவளுக்குப் போட்டு விடுவாங்க. உன்னைவிட அவளுக்குத்தான் எடுப்பா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்பவே அப்படி.”

கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிட்டது என்று சர்வேயர் எழுந்தாள்.

“ஒரே வாக்கியம். அதைப் பிடிச்சுக்கிட்டே போவோம். கண்டக்டரே, கிளம்பு.”

கண்டக்டர் அவளுடைய பழைய காரின் கூரையை இரண்டு தட்டு தட்டினான். “போலாம் ரைட்.”

அவள் முதல் சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது கார் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

“பார்த்தீங்களா மேடம், நம்ம பிரேக்கையும் நாலு பேர் திரும்பிப் பார்க்கறாங்க” என்றான் கண்டக்டர்.

---

வாட்ச்மேன் சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிங் வாசலில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து கேட்டால் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்த முகம்.

“‘பிரேக் பிடிக்கலை’ன்னார். அவ்வளவுதான்.”

“யார்கிட்ட சொன்னார்?” என்றாள் சர்வேயர்.

“யார்கிட்டயும் இல்லைம்மா. பெரியவர், அதான் டைல்ஸ் கடைக்காரர், இன்னும் கீழ இறங்கலை. தனியா நின்னு, தனக்குத்தானே.”

“கொலைகாரன் தனக்குத்தானே அறிவிப்பு கொடுக்கறதை இப்பதான் கேக்கறேன்” என்றான் கண்டக்டர்.

சர்வேயர் காலியாகக் கிடந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தாள். “அவர் பெரியவரோட வண்டிகிட்ட போனாரா? தொட்டாரா, குனிஞ்சாரா?”

“கிட்டயே போகலை. இந்தத் தூண்கிட்ட நின்னு பார்த்தார். நான் கவனிக்கறேன்னு தெரிஞ்சதும் செல்போனைப் பார்க்கற மாதிரி இருந்தார். மறுபடி பார்த்தார்.”

“அந்த வண்டியில எதை?”

“முன் சக்கரத்தை. அந்தச் செவப்பை. ரொம்ப நேரம். அப்புறம் ‘சே, பிரேக் பிடிக்கலை’ன்னுட்டு சக்கரத்தை ஓங்கி ஒரு உதை.”

“பெரியவர் வண்டிச் சக்கரத்தையா?”

“அதான் சொன்னேனே, அதுகிட்ட போகலைன்னு. தன்னோடதை உதைச்சார்.”

சர்வேயர் தலையாட்டினாள். வாட்ச்மேன் தயங்கினார். “அம்மா, நான் சொன்னதுனால அவரை உள்ள போட்டுடுவாங்களா? நல்ல மனுஷன். கேட் திறந்தா தலையாட்டாம போக மாட்டார்.”

“நீங்க கேட்டதைத்தான் சொன்னீங்க. பார்த்ததை யாரும் கேக்கலை. இப்ப சொல்லிட்டீங்க.”

---

ஒர்க்‌ஷாப்பில் அடிபட்ட கார் ஒரு மூலையில் நின்றது. மூக்கு நசுங்கி, கிரில்லின் பல்லிடுக்கெல்லாம் மணல். பிரேக் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சர்வேயர் அவரிடம் பேசாமல் நேராக டிரைவர் சீட்டில் ஏறி, இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தாள். மறுபடி மிதித்தாள்.

“நல்லா நிக்குதே.”

“வந்தப்பவே அப்படித்தான் இருந்தது” என்றார் மேஸ்திரி. “ஒழுகல் இல்லை. குழாய் முழுசா இருக்கு. எவனும் கை வச்ச மாதிரி தெரியலை.”

“மலையில தொலைஞ்ச பிரேக் இங்க வந்து எப்படி முளைச்சுது?” என்றான் கண்டக்டர். “தனியா பஸ் ஏறி வந்துடுச்சா?”

சர்வேயர் முன் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். கம்பிகளுக்கு நடுவே சிவப்பாகப் பெரிய காலிப்பர் தெரிந்தது. சக்கரத்தின் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது அதுதான். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். சக்கரத்தின் உட்சுவரில் சிவப்பாக ஏதோ வழிந்து, மெழுகு மாதிரி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். வந்தது.

“சக்கரம் மாத்தியிருக்காரா?”

“இல்லை. கம்பெனிச் சக்கரம்தான்.”

“சகலை வண்டியில?”

“அது பெரிய சக்கரம். மாத்தினாத்தான் அந்தப் பிரேக் உள்ள நுழையும். அது நான் போட்ட வேலை.” மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு இந்தக் காரைப் பார்த்து முகம் சுருங்கியது. “இது நான் போட்டதில்லை. வேற எவன்கிட்டயோ போட்டுட்டு வந்து இங்க முன்னால வண்டியை நிறுத்திக் காட்டிட்டுப் போனாரு. அதனால நான் அதைத் தொடலை. இன்னொருத்தன் வேலையை நான் ஏன் உத்துப் பார்க்கணும்?”

உத்துப் பார்த்திருக்கலாம் என்று சர்வேயருக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

“முதல்ல உங்ககிட்ட வந்தாரா?”

“வந்தாரு. ‘சகலைக்கு என்ன போட்டே, அதைவிடப் பெருசா எனக்குப் போடு’ன்னாரு. எல்லாருமே அப்படித்தாம்மா. தனக்கு என்ன வேணும்னு எவனும் கேக்கறதில்லை, அடுத்தவனுக்கு என்ன போட்டேன்னுதான் கேப்பான். நான் சொன்னேன்: வண்டி ஆறு நாள் கடைக்குப் போகுது, ஒரு நாள் மலைக்குப் போகுது. முதல்ல பிரேக் ஆயிலை மாத்துங்க. பழைய ஆயில் காத்துல இருக்கற தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். இறக்கத்துல சூடேறினா கொதிக்கும். கொதிச்சா உள்ள குமிழிதான் இருக்கும், காலை வச்சா பெடல் தரைக்குப் போயிடும்.”

“ம்.”

“அடுத்தது பேடு, தட்டை உரசி நிறுத்தற கட்டை. பந்தயப் பேடு வேணாம். அது சூடேறினாத்தான் கடிக்கும், காலையில முதல் சிக்னல்லயே வழுக்கும். தெருவுக்கும் மலைக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. அதுவும் போதலைன்னா ரப்பர் ஹோஸை எடுத்துட்டு எஃகு வலை சுத்தினது. பெரிய காலிப்பர் எல்லாத்துக்கும் கடைசி.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“‘ஆயிலை மாத்தினா வெளிய தெரியுமா?’ன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். ‘பேடு?’ன்னாரு. அதுவும் தெரியாதுன்னேன். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.”

கண்டக்டர் சிரித்தான். சர்வேயர் சிரிக்கவில்லை. எழுந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கறுத்துக் கிடந்தது.

“மேஸ்திரி, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. சக்கரத்தை நாங்களே கழட்டறோம்.”

அவர் போனதும் கண்டக்டர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். வாயைத் திறந்தான்.

“மூடு” என்றாள் சர்வேயர்.

கண்டக்டருக்கு அதைவிடக் கடினமான உத்தரவை யாரும் போட்டதில்லை. அவள் உள்ளே கையை விட்டு, சிவப்பானதைப் பிடித்து ஆட்டி, பிய்த்தெடுத்து, துணிப்பையில் போட்டாள்.

---

பல் லேப்பில் வரிசை வரிசையாகத் தாடைகள். எல்லாம் பிளாஸ்டர் வார்ப்பு. ஏப்ரன் கட்டிய இளைய சகலை சின்ன அரவைக் கருவியால் ஒரு பல்லை இழைத்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் கருவியை நிறுத்தினான். யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை.

கண்டக்டர் ஒரு தாடையைக் கையில் எடுத்தான். “இதுல எது ஒரிஜினல், எது மேல மாட்டின கேப்?”

“கடைசிக்கு முந்தினது கேப்.” கவலையிலும் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது. “யார் வாயைத் திறந்தாலும் பத்தடி தூரத்துலேயே சொல்லிடுவேன். கேப்புக்கு ஒரு மினுக்கு உண்டு. நிஜம் அப்படி மினுக்காது.”

சர்வேயர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாயங்காலம் உங்க மேல புகார் போகப் போகுது. தெரியுமா?”

“தெரியும்.”

“‘பிரேக் பிடிக்கலை’ன்னு சொன்னீங்க.”

அவன் தலையைக் குனிந்தான்.

“எல்லாரும், எந்த வண்டிக்கு பிடிக்கலைன்னு உங்களைக் கேட்டிருப்பாங்க. நான் அதைக் கேக்கலை. யாருக்கு பிடிக்கலை?”

அவன் கையிலிருந்த பல் மேஜையில் விழுந்து உருண்டது. கண்டக்டர் அதைப் பிடித்தான்.

“எனக்கு” என்றான் இளைய சகலை.

“அப்படிச் சொல்லுங்க.”

“என் பிரேக் எனக்குப் பிடிக்கலை. அதான் சொன்னது. மாசக்கணக்குல யோசிச்சு, சக்கரம் மாத்தி, நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டேன். தினமும் காலையில ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டுத்தான் வண்டியில ஏறுவேன். அவரு ஆறு பிஸ்டன் போட்டாரு. பக்கத்துல நிறுத்தினா என்னோடது பொம்மை மாதிரி இருந்தது. நல்லா இருந்த பிரேக்தான். அன்னிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கலை. உதைச்சேன்.”

“இதை உங்க வீட்டம்மாவோட அக்காகிட்ட சொல்றதுக்கென்ன?”

“உங்க புருஷன் வண்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிஞ்சுதுன்னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணுமா? அதுக்கு ஜெயிலுக்கே போயிடலாம்.”

“ஜெயில்ல பார்க்கிங் கிடையாது” என்றான் கண்டக்டர். “ஒரு வகையில நிம்மதி.”

“உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று சர்வேயர் எழுந்தாள். “அவங்களுக்காகவாவது வாயைத் திறங்க.”

---

ஆஸ்பத்திரி அறையில் டைல்ஸ் கடைக்காரர் கட்டுப்போட்ட காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி இன்னும் வரவில்லை. சர்வேயர் துணிப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே சிவப்பு.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“கம்பெனிச் சக்கரத்துக்குள்ள ஆறு பிஸ்டன் பிரேக் நுழையாது” என்றாள் சர்வேயர். “நுழைஞ்சிருக்குன்னா அது பிரேக் இல்லை. இரும்பு உருகி வழியாது. வழிஞ்சிருக்குன்னா அது இரும்பு இல்லை. பழைய சின்ன காலிப்பருக்கு மேல பிளாஸ்டிக் மூடியை ஒட்டியிருக்கீங்க. சூடு வெளிய போக வழியில்லை. உள்ள பழைய ஆயில். கொதிச்சுது, பெடல் தரைக்குப் போச்சு. ஆறினதும் பழையபடி வந்துடுச்சு. ஆள் வச்சுக் குழாயை வெட்டியிருந்தா, ஆறினதும் ஒட்டிக்குமா?”

“வெளிய சொல்லாதீங்க.” குரல் அடங்கியிருந்தது.

“சொல்லலைன்னா உங்க சகலை உள்ள போவார்.”

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்; அதைத்தான் கண்டக்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“உள்ள போனாலும் அவன் ஒரு நாள் வெளிய வந்துடுவான்” என்றார். “இது வெளிய வந்தா திரும்ப உள்ள போகாதுங்க.”

கதவு திறந்தது. அக்காக்காரி, பின்னால் தங்கை, அவளுக்குப் பின்னால் இளைய சகலை. அக்கா ஒரு பக்கச் சுவரோரம், தங்கை எதிர்ப்பக்கச் சுவரோரம் போய் நின்றார்கள்.

“ஆதாரம் கிடைச்சுதா?” என்றாள் அக்காக்காரி.

“கிடைச்சுது. யாரும் எதையும் வெட்டலை, கழட்டலை. பிரேக் ஆயில் பழசு. இறக்கத்துல கொதிச்சுடுச்சு.”

“அப்ப இவன் முன்னாடியே சொன்னது?”

சர்வேயர் இளைய சகலையைப் பார்த்தாள். அவன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அழுது வீங்கியிருந்தது.

“நான் சொன்னது என் வண்டி பிரேக்கை” என்றான். “அண்ணன் வண்டியில பெருசா பார்த்ததும் என்னோடது எனக்குப் பிடிக்காம போச்சு. பொறாமை. வேற ஒண்ணுமில்லை, அண்ணி. வயிறு எரிஞ்சுது.”

கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது.

“என்ன சொன்னே?”

“வயிறு எரிஞ்சுதுண்ணே.”

“ரொம்பவா?”

“ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை.”

டைல்ஸ் கடைக்காரர் வலியெல்லாம் மறந்து முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். மணலில் ஏறிய நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடியது அப்போதுதான். நிமிர்ந்த வேகத்தில் முழங்கை பையில் பட்டது. பை சரிந்து, சிவப்பானது தரையில் விழுந்தது.

இரும்பு விழுந்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். இது காலி சோப்பு டப்பா மாதிரி ‘டக்’ என்றது.

இளைய சகலை குனிந்து எடுத்தான். எடை பார்த்தான். நகத்தால் தட்டினான். திருப்பி உட்பக்கம் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தான். உருகிய ஓரத்தை வெளிச்சத்துக்குக் காட்டினான். நாள் முழுக்க அவன் செய்கிற வேலை அதுதான்.

“அண்ணே” என்றான். “இது கேப்.”

கண்டக்டர் வாயைத் திறந்து, சர்வேயரைப் பார்த்து, மூடிக்கொண்டான்.

அக்காக்காரி கட்டிலருகே வந்தாள். “உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ‘நீ பார்த்து செய்’னு என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பப் பார்த்தீங்க.”

அவர் கூரையைப் பார்த்தார். அவள் அதற்குமேல் அவரைப் பார்க்கவுமில்லை. கைப்பையை அக்குளிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். தங்கை பக்கம் போனாள்.

“வியாழக்கிழமைதானே உனக்கு செக்கப்? நானும் வர்றேன். எங்ககிட்டதான் வண்டி இல்லை.”

“அவர் வண்டியில போலாம்” என்றாள் தங்கை. சுவரோரம் நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டு, “பிரேக் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

சர்வேயர் கண்டக்டருக்குக் கண்ணைக் காட்டினாள். கதவருகே போனவர்கள், பின்னால் குரல் கேட்டு நின்றார்கள்.

இளைய சகலை இன்னும் அந்த மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். பார்க்கிங்கில் தூணருகே நின்று பார்த்த அதே பார்வை.

“பத்தடி தூரத்துல நின்னுதான் பார்த்தேன். எனக்கே தெரியலை. நல்ல ஃபினிஷிங்” என்றான். “எங்கண்ணே வாங்கினீங்க?”

டைல்ஸ் கடைக்காரர் தலையணையில் சாய்ந்தார். கால் உடைந்து, வண்டி நசுங்கி, பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார்.

“அதை மட்டும் கேக்காதே” என்றார்.